வழி தப்பிய புழு – 4: ஈரல் சொன்ன சாட்சி

சென்ற வாரம் ஹெலனார் வைல்டரை மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு விடைபெற்றோம். 1950. வாஷிங்டன். ஆயுதப்படை நோய்க்குறியியல் நிறுவனத்தின் கண் பிரிவு. அவர் கைக்கு வந்திருந்தவை 46 கண்கள். எல்லாமே அறுத்து எடுக்கப்பட்டவை, பெரும்பாலும் குழந்தைகளுடையவை. விழித்திரையில் புற்றுநோய் இருக்கலாம், கண்ணை விட்டுவைத்தால் உயிருக்கு ஆபத்து என்று பயந்து எடுத்திருந்தார்கள். வைல்டர் தேடிப் பார்த்தார். புற்றுநோய் இல்லை. பின்னே என்னதான் இருந்தது?

புழு.

24 கண்களில் புழுவே இருந்தது. மற்றவற்றில் புழு கரைந்துபோய், அதைச் சுற்றி உடம்பு கட்டிய உறை மட்டும் மிஞ்சியிருந்தது.

வைல்டர் டாக்டர் அல்ல. ஆய்வகத்தில் திசுக்களைச் சீவிச் சாயம் ஏற்றும் டெக்னீஷியனாகத் தொடங்கியவர். 1935ல் வெள்ளி உப்பை வைத்துத் திசுவின் நுண்ணிய நார்களுக்கு நிறமேற்றும் முறை ஒன்றை எழுதினார். இன்றும் பல ஆய்வகங்களில் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. புழுவைக் கண்டுபிடித்ததும் அந்தக் கைப்பழக்கம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் புழுவின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பருமன் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. கண்ணை மெழுகில் பதித்து நூற்றுக்கணக்கான சீவல்களாகச் சீவினால், புழு கிடக்கும் திசையைப் பொறுத்து இரண்டு மூன்று சீவல்களில் மட்டும் தட்டுப்பட்டு மறைந்துவிடும். நடுவில் ஒரு சீவலை எடுத்துப் பார்த்து “ஏதோ அழற்சி” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது சுலபம். வைல்டர் எல்லாச் சீவலையும் பார்த்தார்.

புழு இருப்பதைச் சரியாகச் சொன்னவர், அது யார் வீட்டுப் புழு என்பதில் தடுக்கி விழுந்தார். கொக்கிப்புழுவின் குஞ்சு என்று எழுதிவிட்டார். அந்தத் தவறு ஆறு வருடம் அச்சில் நின்றது.

நிற்கட்டும். இப்போது நாம் வாஷிங்டனை விட்டு டெட்ராய்ட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது. அங்கே யாருக்கும் கண்ணில் கோளாறு இல்லை. ரத்தத்தில்தான் கோளாறு.

1879ல் பெர்லினில் பால் எர்லிக் என்ற இளைஞர், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த சாயங்களை ரத்தத் துளிகளின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஈசின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றியபோது வெள்ளையணுக்களில் ஒரு சிறு கூட்டம் மட்டும் அதை வாரிக் குடித்துச் சிவந்து நின்றது. ஈசினோபில் என்று பெயர் வைத்தார். ஆரோக்கியமான உடம்பில், ஒரு கனமில்லிமீட்டர் ரத்தத்தில் இவை 500க்குள் அடங்கிவிடும். ஒவ்வாமையில் ஏறும், ஆஸ்துமாவில் ஏறும், புழு உடம்புக்குள் நடமாடும்போது ஏறும். இது மருத்துவ மாணவருக்கு முதல் வருடமே தெரியும்.

1940களின் கடைசியில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களைக் குழப்பியது அந்த ஏற்றத்தின் அளவு. ஒன்றரை, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள். விட்டு விட்டுக் காய்ச்சல், இருமல், மூச்சில் இழுப்பு. தொட்டால் கையில் தட்டுப்படும் அளவுக்கு ஈரல் வீக்கம். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் ஈசினோபில்! ரத்தப் புற்றுநோயோ என்று டாக்டர்களே பயந்தார்கள். பயந்தபடி நடக்கவும் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் மாதக்கணக்கில் இழுபட்டு, மெல்லத் தேறினார்கள். ஈசினோபில் மட்டும் இறங்க மறுத்தது.

1949ல் டெட்ராய்ட்டின் வுல்ஃப் ஸூயல்ஸரும் லெனார்ட் ஆப்ட்டும் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஈரலிலும் மற்ற உறுப்புகளிலும் முடிச்சு முடிச்சாகப் புண்கள், சுற்றிலும் ஈசினோபில் கூட்டம். வர்ணனை அபாரம். குற்றவாளி மட்டும் அகப்படவில்லை. (இந்த ஆப்ட் பின்னாளில் குழந்தைகளுக்கான கண் மருத்துவராகப் பெயர் வாங்கினார். அவர் விட்டுவைத்த மர்மத்தின் மறுபாதி கண்ணில்தான் கிடந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.)

மறுவருடம் மெர்சர் என்பவரின் குழு ஒரு படி முன்னே போனது. அப்படி ஒரு குழந்தையின் ஈரலில் புழுவின் குஞ்சையே பார்த்துவிட்டார்கள். பார்த்துவிட்டு, நாக்குப்பூச்சி என்றார்கள். நம் பாட்டிமார் விளக்கெண்ணெய் கொடுத்து விரட்டிய அதே மனித நாக்குப்பூச்சி, அஸ்காரிஸ். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாக்குப்பூச்சியின் குஞ்சு குடலைத் துளைத்து, ஈரல் வழியாக நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, மறுபடியும் குடலுக்கு வருகிற ஒன்றுதான். ஈரலில் அதைப் பார்ப்பது எதிர்பார்க்கக்கூடியதே.

கண்ணைப் பார்த்தவர் கொக்கிப்புழு என்கிறார், ஈரலைப் பார்த்தவர்கள் நாக்குப்பூச்சி என்கிறார்கள். ஒன்று கண் மருத்துவர்களின் மாநாட்டு வெளியீட்டில் வந்தது, மற்றது குழந்தை மருத்துவ இதழில். இரண்டும் ஒரே புழு என்று சந்தேகப்பட வேண்டுமானால் இரண்டையும் ஒருவர் படிக்கவேண்டும். அதற்கும் மேலாக, மனிதனுக்குச் சொந்தமான புழுக்களின் பட்டியலைக் கீழே வைக்கவேண்டும். என் கணிப்பில் அந்தப் பட்டியல்தான் எல்லோரையும் கட்டிப்போட்டது.

அதைக் கீழே வைத்தவரும் டாக்டர் அல்ல.

நியூ ஆர்லியன்ஸ். துலேன் பல்கலைக்கழகம். பால் செஸ்டர் பீவர், இண்டியானா மாநிலத்துக்காரர், விலங்கியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். மிருகங்களின் புழுக்களில் ஊறியவர். 1952ல் அவரும் நான்கு மருத்துவர்களும் சேர்ந்து குழந்தை மருத்துவ இதழில் மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அதே காய்ச்சல், அதே ஈரல், அதே ஈசினோபில். ஈரல் திசுவில் அதே போன்ற புழு.

பீவரை உறுத்தியது புழுவின் அளவு. மனித நாக்குப்பூச்சியின் குஞ்சு, ஈரலையும் நுரையீரலையும் கடக்கும்போது மளமளவென்று வளரும். சரியான வீட்டில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியும். இந்தக் குழந்தைகளின் ஈரலில் இருந்ததோ முட்டையிலிருந்து வெளிவந்தபோது இருந்த அளவிலேயே நின்றுபோயிருந்தது. சாகவில்லை, வளரவும் இல்லை. ஊர் மாறி இறங்கிவிட்ட பயணி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. மனிதன் அதன் ஊர் இல்லை என்றால், எது ஊர்?

பீவருக்குப் பதில் தெரிந்திருந்தது. நாய்க்குட்டி வளர்த்த யாருக்குமே அந்தப் புழுவைத் தெரியும். குட்டி வாந்தி எடுத்தால் சேமியா போல வெளியே வந்து விழுமே, அதுதான். டாக்ஸோகாரா கேனிஸ். பூனைக்கு அதன் பங்காளி டாக்ஸோகாரா கேட்டி.

இந்தப் புழுவின் வாழ்க்கை வஞ்சகமானது. பெரிய நாய் ஒன்று முட்டையை விழுங்கினால், குஞ்சுகள் பெரும்பாலும் குடலில் தங்காமல் அதன் தசைகளுக்குள் போய்ப் படுத்துவிடும். வருடக்கணக்கில் அசையாது. நாய் சினையானால் விழித்துக்கொள்ளும். தாயின் வயிற்றிலேயே குட்டிகளுக்குள் புகுந்துவிடும். அதனால் குட்டி பிறக்கும்போதே புழுவோடு பிறக்கிறது. மூன்றே வாரத்தில் அதன் குடலில் புழுக்கள் முழு வளர்ச்சி பெற்று முட்டையிடத் தொடங்கிவிடுகின்றன. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டைவரை இடும். பூனைப் புழுவுக்குக் கருப்பை வழி கிடையாது. அது தாய்ப்பாலில் காத்திருக்கும்.

முட்டை வெளியே வந்தவுடன் யாரையும் ஒன்றும் செய்யாது. ஈரமான மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால்தான் உள்ளே குஞ்சு தயாராகும். தயாரானபின் கெட்டியான தோடு அதை மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில்கூடக் காக்கும். ஆகவே ஆபத்து நாயைக் கொஞ்சுவதில் அவ்வளவாக இல்லை. என்றோ நாய் அசிங்கம் செய்து, மழையில் கரைந்து, தடயமே இல்லாமல் போன மண்ணில்தான் இருக்கிறது. தோட்டத்து மண்ணை அள்ளித் தின்னும் இரண்டு வயதுக் குழந்தைக்கு அது எட்டும் தூரம். நாய் வளர்க்காத வீட்டுக் குழந்தைக்கும் வரும், பூங்காவில் விளையாடினால் போதும்.

குழந்தையின் குடலில் முட்டை பொரிந்து, குஞ்சு சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு ஈரலுக்கு, நுரையீரலுக்கு, தசைக்கு, மூளைக்கு, கண்ணுக்குப் போகிறது. எங்கே போனாலும் உடம்பு ஈசினோபில் படையை அனுப்புகிறது. புழு வளர்வதும் இல்லை, முட்டையிடுவதும் இல்லை. அதனால் மலத்தை எத்தனை முறை சோதித்தாலும் ஒன்றும் அகப்படாது. டெட்ராய்ட்டில் தோற்றதும் இதனால்தான்.

பீவர் இதற்கு உள்ளுறுப்புகளில் அலையும் இளம்புழு நோய் என்ற பொருளில் ஒரு லத்தீன் பெயரைச் சூட்டினார். தோலுக்கடியில் கோடு கோடாக ஊர்ந்து அரிப்பெடுக்கும் நோய்க்கு நாய், பூனையின் கொக்கிப்புழுக் குஞ்சே காரணம் என்று 1926ல் ஃப்ளோரிடாவில் நிரூபித்திருந்தார்கள். மிருகத்தின் புழு மனிதனுக்குள் வழி தெரியாமல் அலையும் என்பதற்கு அது முன்மாதிரி. அதைத் தோலோடு நிறுத்திவிட்டார்கள். பீவர் அதை உள்ளே கொண்டுபோனார்.

இன்னும் ஒரு மனிதருக்கு நாம் கடன் பட்டிருக்கிறோம். ஹாம்பர்க்கின் கப்பல் மற்றும் வெப்பமண்டல நோய் நிலையத்தில் இருந்த ஃப்ரீட்ரிஷ் ஃப்யூல்லபோர்ன். நாயின் கருப்பைக்குள்ளேயே புழு தொற்றும் என்பதைச் சோதனையில் காட்டியவர். நாய்ப் புழுவின் குஞ்சுகள் மனித உடம்புக்குள் போனால் முடிச்சு முடிச்சாகப் புண்களை உண்டாக்கக்கூடும் என்று அவர் எழுதியது 1921ல். ஜெர்மன் மொழியில். முப்பத்தொரு வருடம் அது நூலகத்தில் தூங்கியது. அதற்குள் அவர் இறந்தும்போனார்.

பீவரின் கட்டுரையோடு எல்லோரும் கைதட்டிவிடவில்லை. மூன்று குழந்தைகளை வைத்துச் சொல்வதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிய விதத்தில் நியாயம் இல்லை. 1953ல் மார்கரெட் ஸ்மித்தும் பீவரும் வெளியிட்ட ஆய்வில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு டாக்ஸோகாரா முட்டைகளைக் கொடுத்தார்கள். ஈசினோபில் விறுவிறுவென ஏறியது, மாதக்கணக்கில் ஏறியபடியே நின்றது. விஞ்ஞானம் ஒரு படி ஏறியது என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும். நான் அப்படிப் போகமாட்டேன். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லமுடியாத குழந்தைகள் அவர்கள். புழுவைத் தெரிந்தே உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் இது குற்றமாகப் படவில்லை என்பதை விளக்கமாக ஏற்கலாம், சமாதானமாக ஏற்கமுடியாது.

1956 இரண்டு சாட்சிகளைக் கொண்டுவந்தது. முதல் சாட்சி, இறந்துபோன ஒரு குழந்தை. ஒன்றரை வயது தாண்டியிருந்தது. உயிரைப் பறித்தது புழு அல்ல, மஞ்சள் காமாலை. பீவரின் சகாக்கள் உறுப்புகளை ஆராய்ந்து புழுக்களை எண்ணினார்கள். ஒரு கிராம் ஈரலில் சுமார் 60. தசையிலும் இருந்தன. மூளையிலும் இருந்தன. அதற்குப்பின் யாரும் மூன்று குழந்தைகள் கதையைப் பேசவில்லை.

இரண்டாவது சாட்சி ரிச்சர்ட் நிக்கல்ஸ், அதே துலேன்காரர். டாக்ஸோகாரா குஞ்சைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று அங்குலம் அங்குலமாக, இல்லை, மைக்ரான் மைக்ரானாக வரைந்து வைத்தார். பக்கவாட்டில் துடுப்புபோல் நீண்டிருக்கும் மெல்லிய தோல்வரி எத்தனை, கழிவுக்குழாய் எங்கே, பருமன் எவ்வளவு. துண்டு துண்டாகக் கிடக்கும் புழுவையும் இனி அடையாளம் காட்டிவிடலாம். கையில் அளவுகோல் வந்ததும் நிக்கல்ஸ் செய்த முதல் காரியங்களில் ஒன்று, வாஷிங்டனில் கிடந்த பழைய ஸ்லைடுகளில் சிலவற்றை வாங்கிப் பார்த்தது.

ஆம், வைல்டரின் ஸ்லைடுகள். கொக்கிப்புழு என்று எழுதிவைத்த அதே கண்கள்.

பெரும்பாலும் டாக்ஸோகாரா!

ஈரலின் மர்மமும் கண்ணின் மர்மமும் ஒரே புழுவில் வந்து சேர்ந்தன. ஒரு முரண் மட்டும் மிஞ்சியது. ஈரலில் நூற்றுக்கணக்கில் புழு உள்ள குழந்தைக்கு ஈசினோபில் கூரையைப் பிய்க்கும். கண்ணில் ஒரே ஒரு புழு போய் உட்கார்ந்த குழந்தைக்கு ரத்தம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஈசினோபில் ஏறவில்லை என்பதால் கண்ணில் புழு இல்லை என்று சொல்லமுடியாது. இன்றும் கண் மருத்துவர்கள் நினைவில் வைத்திருக்கும் பாடம் அது.

இன்றைய நிலையையும் சொல்லிவிட்டு நகர்கிறேன், இல்லாவிட்டால் வாசகர்கள் கேட்பார்கள். காரணம் தெரியாமல் ஈசினோபில் ஏறி நின்றால், டாக்ஸோகாராவுக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று எலைஸா முறையில் பார்க்கலாம். குஞ்சுகளை ஆய்வகக் குழாயில் உயிரோடு வைத்து அவை கசியவிடும் புரதங்களைச் சேகரிக்கும் வித்தையை 1975ல் டி சாவினி கண்டுபிடித்தபிறகே இந்தச் சோதனை நம்பகமானது. என்றாலும், எதிர்ப்புப்பொருள் இருப்பது எப்போதோ தொற்றியதையும் காட்டலாம், இன்றைய நோய்க்கு அதுவே காரணம் என்று ஆகிவிடாது. தேவைப்பட்டால் அல்பெண்டசோல் கொடுப்பார்கள். கண் என்றால் அழற்சியை அடக்க ஸ்டீராய்டு. நாய்க்குட்டிக்கு இரண்டு வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்கச் சொல்வது ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

வழக்கு முடிந்ததா? அமெரிக்காவுக்கு முடிந்தது. நமக்கு இங்கேதான் தொடங்குகிறது.

சளியும் இருமலும் தும்மலும் ஓயாத எவரையும் கேளுங்கள். “எனக்கு ஈஸ்னோபீலியா சார்” என்பார். எங்கிருந்து வந்தது இந்தச் சொல் நம் வாய்க்கு? 1940ல் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்தில், ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார்கள். காசநோய் என்று அனுப்பப்பட்ட சிலர். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி. சளியில் கிருமி இல்லை. ரத்தத்திலோ ஈசினோபில் மலைபோல. இரவில் இருமல் கொன்றெடுக்கும். 1943ல் வைன்கார்ட்டன் என்பவர் 81 நோயாளிகளை வைத்து ‘வெப்பமண்டல ஈசினோபிலியா’ என்று லான்செட் இதழில் எழுதினார். மேகநோயும் சேர்ந்திருந்த ஒருவருக்கு ஆர்சனிக் மருந்து ஏற்றப்போய், எதிர்பாராமல் மூச்சிழுப்பும் போய்விட்டது. மருந்து கிடைத்துவிட்டது. காரணம் மட்டும் கிடைக்கவில்லை.

பீவரின் கட்டுரைக்குப்பின் காரணம் கண்முன்னே நிற்பதுபோல் தோன்றியது. ஏறிய ஈசினோபில், இருமல், மூச்சிழுப்பு, தெருவெல்லாம் நாய். வேறென்ன வேண்டும்? கல்கத்தாவில் ஆர்.என். சௌத்ரியும் டி.கே. சாஹாவும் நேரடியாகச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சம்மதம் தெரிவித்த பெரியவர் ஒருவர் டாக்ஸோகாரா முட்டைகளை விழுங்கினார். 1959ல் லான்செட்டில் முடிவு வெளியானது. ஈசினோபில் ஏறியிருந்தது.

நம் ஈஸ்னோபீலியாவும் நாய்ப் புழுதான் என்று கோப்பை மூடிவிடலாம் போலிருந்த நேரம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூன்று பேர் அதை மூட விடவில்லை. குழந்தை மருத்துவர் வெப், நோய்க்குறியியலாளர்கள் சி.கே. ஜாப், கால்ட். நோயாளிகளின் நுரையீரல், ஈரல், நிணநீர்க்கணு ஆகியவற்றின் துண்டுகளைச் சீவி ஸ்லைடில் ஏற்றினார்கள். ஈசினோபில் கூட்டத்துக்கு நடுவே ஒரு குட்டிப் புழு இருந்தது. 1960ல் லான்செட்டில் எழுதினார்கள்.

நிக்கல்ஸின் அளவுகோலுக்கு அந்தப் புழு பொருந்தவில்லை. அது நாயின் குடலிலிருந்து வந்ததே அல்ல. மண்ணிலிருந்தும் வரவில்லை. அதை மனிதனுக்குள் ஏற்றிவிட்ட ஆசாமியை நேற்று ராத்திரிகூட நீங்கள் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அடித்திருப்பீர்கள்.

(தொடரும்)